கெண்டைக்கால் வலியும் மின்தூண்டல் சிகிச்சையும்: கருவி வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

கால்வலியோடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர் ஒரே வினாவை எழுப்புகின்றனர்: "காலுக்குக் கரண்ட் வைக்கும் கருவி விற்கிறார்களே, அதை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? இரத்த ஓட்டம் கூடும் என்கிறார்களே, உண்மைதானா?" நோயாளியைவிட அவரை அழைத்து வரும் மகனோ மகளோதான் இதைப் பெரும்பாலும் கேட்கின்றனர். பெற்றோரின் வலியைக் காணப் பொறுக்காமல், கையிலுள்ள பணத்தைச் செலவிட அவர்கள் முன்வந்து நிற்கின்றனர். ஆகவே இந்த வினாவுக்குச் சற்று விரிவாகவே விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

சுருக்கமான விடை இதுவே: மின்தூண்டல் சிலருக்குத் துணை செய்யும், சிலருக்குத் தீங்கு விளைவிக்கும், எவருக்கும் அது முதல் சிகிச்சை ஆகாது. அந்தச் 'சிலர்' யார் என்பதை ஓர் எளிய பரிசோதனையே தெரிவிக்கும். அப்பரிசோதனைக்கு முன் கருவியை வாங்குவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதை ஒக்கும்.

வலி எவ்வாறு தோன்றுகிறது?

இதயத்திலிருந்து காலுக்குச் செல்லும் இரத்தம் தமனிகளின் வழியே பாய்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் குறுகுகிறது. அமர்ந்திருக்கும்போது தசைக்குத் தேவைப்படும் இரத்தம் குறைவு. குறுகிய குழாயே அதற்குப் போதுமானது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைக்குப் பன்மடங்கு இரத்தம் வேண்டும். அது கிடைக்காதபோது தசை இறுகிப் பிடித்து வலிக்கிறது. நின்றுவிட்டால் தேவை குறைகிறது. இரண்டு, மூன்று நிமிடங்களில் வலி அடங்குகிறது. மீண்டும் நடந்தால் ஏறத்தாழ அதே தொலைவில் வலி திரும்புகிறது.

'நடந்தால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது' என்று நோயாளிகள் சொல்லும் அந்த ஒரு தொடரே, தமனி அடைப்பைக் குறித்து எங்களை எச்சரிக்கும் முதல் அறிகுறியாகும்.

நம் பகுதியில் ஏன் கூடுதல் கவனம் தேவை?

சென்னை நகர மக்களிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பெரியவர்களில் 100க்கு 3 பேர் அளவில் கால் தமனி நோய் இருப்பதைக் காட்டியது. நீரிழிவு உள்ளவர்களிடையே அந்த அளவு 100க்கு 6 பேருக்கு மேல் இருந்தது. சர்க்கரை நோயைப் போலவே புகைத்தலும் பெருங்காரணம். உயர் இரத்த அழுத்தமும் மிகுந்த கொழுப்பும் பிற காரணங்கள்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் வட்டாரங்களிலிருந்து வருவோரின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். பட்டாசு ஆலையில் சரம் பின்னுவோரும் திரி வைப்போரும் பெட்டியில் அடைப்போரும் தரையில் கால் மடக்கி மணிக்கணக்கில் அமர்ந்திருக்கின்றனர். அச்சகத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவரோ நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறார். இருவருக்கும் நடை குறைவு. ஆலைக்குள் தீப்பொறி கூடாது என்பதால் புகைக்காதவர், வெளியே வந்ததும் அடுத்தடுத்துப் பீடி பற்ற வைப்பதும் உண்டு. நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களிடம் காணப்படும் மற்றொரு கொடிய தமனி நோயும் உள்ளது. 1908ஆம் ஆண்டு நியூயார்க்கில் லியோ பர்கர் என்னும் மருத்துவர் அதை விரிவாக விளக்கியதால் அது பர்கர் நோய் எனப்படுகிறது. பீடியும் சிகரெட்டும் புகைப்போரையே அது தாக்குகிறது. புகையை அறவே விட்டாலன்றி அது அடங்குவதில்லை.

உட்கார்ந்து செய்யும் வேலைதான் கால்வலிக்குக் காரணம் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவோர் உள்ளனர். கடந்துபோகும் அந்தக் காலமே பல வேளைகளில் காலை இழப்பதற்குக் காரணமாகிறது.

எல்லாக் கால்வலியும் ஒன்றல்ல

மருத்துவரிடம் வருமுன், உங்கள் வலி பின்வருவனவற்றுள் எதை ஒத்திருக்கிறது என்று கவனியுங்கள்.

தமனி அடைப்பு வலி: குறிப்பிட்ட தொலைவு நடந்தபின் கெண்டைக்காலிலோ தொடையிலோ பிடிக்கும், வெறுமனே நின்றாலே விடும். பாதம் குளிர்ந்திருக்கும், காலில் முடி உதிர்ந்து தோல் பளபளக்கும்.

சிரை நோய் வலி: மாலையில் கால் கனக்கும், வீங்கும், நரம்பு சுருண்டு தெரியும், காலை உயர்த்தி வைத்தால் குறையும்.

முதுகெலும்பு சார்ந்த வலி: நடந்தாலும் நின்றாலும் இடுப்பிலிருந்து கீழிறங்கும்; உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோதான் குறையும்.

நீரிழிவு நரம்புப் பாதிப்பு: நடைக்கும் இதற்கும் தொடர்பில்லை, இரவில் உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும்.

ஒருவருக்கே இவற்றில் இரண்டு இருக்கக்கூடும். குறிப்பாக, சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்குத் தமனி அடைத்திருந்தாலும் வலி தெரியாமல் போகலாம். அவருக்கு முதல் அறிகுறி ஆறாத புண்ணாகவே இருக்கக்கூடும்.

பத்து நிமிடத்தில் முடியும் பரிசோதனை

கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவதே அப்பரிசோதனை. இரத்த அழுத்தப் பட்டையும் டாப்ளர் என்னும் சிறு ஒலிக்கருவியும் இருந்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். சான்றாக, கையில் 140, கணுக்காலில் 98 எனில் விடை 0.70.

1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழ் எனில் தமனி அடைப்பு உண்டு. 0.40க்குக் கீழே இறங்கினால் நிலைமை கடுமையானது. 1.4ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம். நீண்ட நாள் நீரிழிவினால் தமனி சுண்ணாம்பேறி விறைத்திருப்பதை அது காட்டலாம். அப்போது வேறு பரிசோதனைகள் தேவைப்படும்.

மின்தூண்டல் செய்வது என்ன?

தசையை மின்சாரத்தால் அசைக்கலாம் என்பது பழைய கண்டுபிடிப்பு. இத்தாலியின் பொலோஞா நகரத்து லூயிஜி கால்வானி, உயிரற்ற தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதை 1791இல் எழுதி வெளியிட்டார். இன்றைய கருவிகளின் அடிப்படையும் அதுவே. தோலின்மேல் ஒட்டும் பட்டைகள் வழியாகவோ, பாதம் வைக்கும் தட்டின் வழியாகவோ சிறு மின்துடிப்புகள் செல்கின்றன. அவை நரம்பைத் தூண்ட, தசை தானாகச் சுருங்கி விரிகிறது.

'கரண்ட் வைத்தல்' என்று பொதுவாகச் சொல்லப்படும் சிகிச்சையில் இருவகை உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று, டென்ஸ் எனப்படும் வலிதணிப்புக் கருவி. அது வலியுணர்வை மட்டுப்படுத்துகிறது. தசையை வேலை செய்ய வைப்பது அதன் நோக்கமன்று. மற்றொன்று தசைத்தூண்டல் கருவி. இதில் கெண்டைக்கால் துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். இரத்த ஓட்டம் குறித்துப் பேசும்போது நாம் கருதுவது இரண்டாவது வகையையே.

கெண்டைக்கால் சுருங்கும்போது உள்ளே உள்ள சிரைகள் பிழியப்பட்டு, தேங்கிய இரத்தம் இதயத்தை நோக்கி மேலேறுகிறது. கெண்டைக்காலை 'இரண்டாம் இதயம்' என்று கூறுவது இதனால்தான். வேலை செய்யும் தசைக்கு இரத்தம் தேவைப்படுவதால், அதிலுள்ள நுண்குழாய்களும் விரிகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஒல்கா ஹுட்லிக்கா என்னும் உடலியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1970களில் முயல்களிடம் நடத்திய ஆய்வுகள், தசையை மெல்லிய துடிப்பால் நாள்தோறும் தூண்டிவந்தால் அதில் நுண்குழாய்கள் பெருகுவதைக் காட்டின. அதன் தொடர்ச்சியாக, நடந்தால் கால் பிடிக்கும் நோயாளிகளிடமும் சோதனை செய்தனர். நொடிக்கு 8 துடிப்பு, ஒரு முறைக்கு 20 நிமிடம், நாளுக்கு மூன்று முறை, நான்கு வாரம் என்பது அவர்கள் பின்பற்றிய முறை. 1994இல் வெளியான அவ்வாய்வில் தூண்டப்பட்ட தசை சோர்வைத் தாங்கும் திறன் பெற்றது. நடக்கும் தொலைவும் கூடியது. ஆனால் அதில் பங்கேற்ற நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது.

அது செய்யாதது என்ன?

மின்தூண்டல் தமனியிலுள்ள அடைப்பைக் கரைப்பதில்லை. வீட்டுக்கு நீர் வரும் குழாய் தெருவிலேயே அடைத்திருக்கும்போது, வீட்டுக்குள் எத்தனை குழாயைத் திறந்தாலும் நீர் பெருகாது. இங்கும் அதே நிலைதான். உள்ள இரத்தத்தைத் தசை சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகலாம், கிளைக்குழாய்கள் சற்று வளர உதவலாம், அவ்வளவே.

'இரத்த ஓட்டத்தை அதிகரிக்கும்' என்னும் விளம்பர வரி பொய்யென்று நாங்கள் கூறவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இத்தகைய கருவிகளுக்கு 'அவ்விடத்து இரத்த ஓட்டத்தைக் கூட்ட' என்று அனுமதி அளித்துள்ளது. ஆனால் கருவி இயங்கும் வேளையில் ஓட்டம் கூடுவது வேறு. அடைப்பு நோய் குணமாவது வேறு. அதுபோல், பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2014இல் ஒரு நரம்புத்தூண்டல் கருவியைப் பரிந்துரைத்தது. அது மற்ற தடுப்பு முறைகளைப் பயன்படுத்த இயலாத நோயாளிகளுக்குச் சிரையில் இரத்தம் உறையாமல் காக்கவே. அந்தப் பரிந்துரையைத் தமனி அடைப்புக்கும் பொருத்திப் பேசுவது பிழை.

மற்றொரு ஆபத்தும் உண்டு. கருவியால் வலி சற்றுத் தணிந்தால், நோய் குறைந்ததாக மனம் நம்பிவிடும். உள்ளே அடைப்பு வளர்ந்துகொண்டிருக்கும்.

நடையே முதல் சிகிச்சை

தமனி அடைப்பினால் வரும் நடைவலிக்கு மிகுந்த சான்றுள்ள பயிற்சி, முறைப்படுத்தப்பட்ட நடைதான். பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மேற்பார்வையுடன் வாரத்துக்கு 2 மணி நேரம், 3 மாதம் என்று அதை வகுத்தது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 2017 முதல் 12 வாரங்களில் 36 அமர்வுகளுக்குச் செலவை ஏற்கிறது. அடைப்பைச் சுற்றிக் கிளைக்குழாய்கள் வளரவும், தசை திறமையாக இயங்கவும் நடை பழக்குகிறது. மின்தூண்டல் கெண்டைக்காலை மட்டும் அசைக்கிறது. நடையோ இதயத்தையும் நுரையீரலையும் சர்க்கரை அளவையும் சேர்த்துச் சீராக்குகிறது.

முறை இதுதான். வலி தொடங்கும்வரை நடவுங்கள். தொடங்கியபின்னும் அது ஓரளவு மிகும்வரை சற்றுத் தொடருங்கள். பின்னர் நின்றுவிடுங்கள். வலி முற்றும் அடங்கியதும் மீண்டும் நடவுங்கள். இவ்வாறு நடையும் ஓய்வுமாக முதலில் 30 நிமிடம், பிறகு படிப்படியாக 45 நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், 12 வாரம் தொடர வேண்டும். 'வலித்தால் நடக்கக் கூடாது' என்று வீட்டார் தடுப்பது அன்பினால்தான். ஆனால் இந்நோயில் அந்தத் தடை தவறானது. அந்த வலி தசை கெடுவதைக் குறிப்பதன்று. தசை பழகுவதற்கான தூண்டுதல்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ஓய்விலும் வலி, ஆறாத புண், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் காணாமல் இப்பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

நம் கரிசல் வெயிலில் காலை 7 மணிக்குமுன்னோ மாலை மங்கியபின்னோ நடப்பது நன்று. வெறுங்கால் நடை வேண்டாம். தெருவின் மின்கம்பங்களை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வாரம் நான்காவது கம்பத்தில் பிடித்த வலி, பன்னிரண்டாம் வாரம் எந்தக் கம்பத்தில் பிடிக்கிறது என்பதே உங்கள் முன்னேற்றத்தின் அளவுகோல்.

நடையோடு சேர்ந்தவை மூன்று: புகையை அறவே விடுதல், மருத்துவர் தரும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை, கொழுப்பு குறைக்கும் மாத்திரை ஆகியவற்றை விடாமல் உண்ணுதல், சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல். எண்ணெய்ப் பரோட்டா நம் ஊரின் பெருமைதான். அது வாரம் தவறாத வழக்கமாக இல்லாமல் எப்போதாவது ஒருநாள் விருந்தாக இருக்கட்டும்.

மின்தூண்டல் யாருக்கு உதவும்?

மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், மிகுந்த தளர்ச்சி ஆகியவற்றால் போதுமான அளவு நடக்க இயலாதவருக்கு, மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் ஒப்பினால், மின்தூண்டலைத் துணையாகச் சேர்க்கலாம். நடக்க முடிந்தவருக்கு நடையே போதும்.

பின்வருவோர் மருத்துவர் அனுமதியின்றி ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது: இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தப்பட்டவர், காலில் இரத்த உறைவு இருப்பவர் அல்லது இருப்பதாக ஐயுறப்படுபவர், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர், பட்டை ஒட்டும் இடத்தில் புண், தொற்று, கட்டி உள்ளவர், ஓய்விலேயே கால் வலிப்பவர். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். மின்னளவு மிகுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும்.

அனுமதி பெற்றவர்கள் காலைக் கழுவி நன்கு துடைத்தபின் பட்டையை ஒட்டுங்கள். மின்னளவைச் சுழியத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். தசை துடிக்க வேண்டும், வலிக்கக் கூடாது. முடிந்ததும் தோலில் சிவப்போ கொப்புளமோ உள்ளதா என்று பாருங்கள். கருவி இயங்கும்போது உறங்காதீர்கள்.

பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு சொல். மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிதானே என்று அதனை ஆலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். உடையில் தோன்றும் நிலைமின்னூட்டத்துக்கே அஞ்சிப் பருத்தி ஆடை அணியச் சொல்லும் இடம் அது. வேலை முடிந்து வீடு வந்து, உடை மாற்றிக் குளித்து, காலில் ஒட்டிய மருந்துத் தூளும் அலுமினியப் பொடியும் நீங்கிய பின்னரே கருவியைத் தொடுங்கள்.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியவை

நாள்தோறும் இரவில் நோயாளியின் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பணியிடத்தில் வெறுங்காலோடு இருப்போர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. வெடிப்போ கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால் அன்றே குறித்துவையுங்கள். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடமோ சூடான மணல் ஒத்தடமோ கொடுக்காதீர்கள். சிரை நோய்க்காக விற்கும் இறுக்கமான காலுறையைத் தமனி அடைப்பு உள்ளவருக்கு நீங்களாகவே மாட்டாதீர்கள். உள்ள இரத்த ஓட்டத்தையும் அது நெரித்துவிடும்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ளது. சர்க்கரை, அழுத்த மாத்திரைகளோடு, தேவைப்படுவோர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வர அதில் வழியுண்டு. நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்க 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் உள்ளது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை குறித்துக் கேளுங்கள். அடைப்பு கடுமையாயின், பலூன் சிகிச்சை, ஸ்டென்ட், மாற்றுவழி அறுவைச் சிகிச்சை ஆகியவை உண்டு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் செலவு குறித்து அங்கேயே விசாரிக்கலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இரவில் படுத்தால் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் குறைகிறதா? புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? விரல் கறுக்கிறதா? ஓரிரு நாளில் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

ஒரு கால் திடீரெனக் கடுமையாக வலித்து, வெளுத்து, குளிர்ந்து, மரத்து, அசைக்க இயலாமல் போனால் அது அவசரநிலை. உடனே 108ஐ அழையுங்கள். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் திரும்பாவிடில் காலைக் காப்பது கடினம். அந்த நேரத்தில் தைலமும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது, எத்தனை கம்பம் நடந்தால் வலி பிடிக்கிறது, நின்றபின் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்னும் இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கருவி வாங்கலாமா என்னும் வினாவுக்கு, அந்தத் தாளையும் கணுக்கால் அழுத்த அளவையும் வைத்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து நாங்கள் விடை காண்போம்.